பாதையும் காட்சியும்: மட்டக்களப்பு வாவிக் கரையோர வீதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

இலங்கையின் கிழக்குக் கரையோரமாக மோட்டார்க் காரிற் சென்று இயற்கை வனப்பினை நுகர்தல் இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. 2009ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிவுற்று, வீதிகளும் பாலங்களும் புதுக்கப்பட்டதன் பின்னர், கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கடல்கடந்த நாடுகளிலிருந்தும் வருவோர் திருகோணமலையிற் புறப்பட்டு, வெருகல், வாழைச்சேனை, மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவில் வரையிற் சென்று மீள்கின்றனர். ஒருபுறம் வங்காள விரிகுடா, மறுபுறம் வாவி, இடையே தென்னஞ்சோலைகள். இக்காட்சியைப் புகழாதார் இலர். விழா மலர்களிலும் மேடைப் பேச்சுக்களிலும் நெடுங்காலமாக வழங்கிவந்த ‘மீன்பாடும் தேனாடு’ என்னும் அடைமொழி, இப்பொழுது உல்லாசப் பயண விளம்பரங்களிலும் இடம்பிடித்துக்கொண்டது.

இவ்வனப்பினை நாம் மறுப்பதற்கில்லை. வாவியின்மீது மாலை வெயில் சாயும் பொழுதினைக் கண்டு மகிழாதிருத்தல் ஆராய்ச்சியாளனுக்குரிய தகுதியும் அன்று. ஆயின், வனப்பு என்பது காணப்படும் பொருளில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அது காண்போனுக்கும் காணப்படுவதற்கும் இடையிலான உறவாகும். அவ்வுறவும் வரலாற்றுக்கு உட்பட்டதே. ஆங்கில இலக்கியத்தில் நாட்டுப்புறமும் நகரமும் சித்திரிக்கப்பட்ட முறைமையினை ஆராய்ந்த றேமண்ட் வில்லியம்ஸ், 1973இல் வெளிவந்த தமது நூலில், உழைப்பு நிகழும் நிலம் ‘காட்சி’யாக மாறுவதற்கு அதனை விலகிநின்று நோக்கும் ஒருவன் வேண்டும் என்பதனைத் தெளிவுறுத்தினார். விலகி நிற்பதற்கு ஓய்வு வேண்டும்; ஒருவரின் ஓய்வு மற்றொருவரின் உழைப்பினாற் பெறப்படுவது. எனவே, இக்கரையோர வீதியிற் செல்வோன் காண்பது யாது, அவன் காணாது விடுவது யாது, அங்ஙனம் காணாது விடப்படுவதற்கான வரலாற்றுக் காரணம் யாது என்னும் வினாக்களை எழுப்புவது பொருத்தமாகும். அவற்றுக்கு விடைகாணும் ஒரு சிறு முயற்சியே இக்கட்டுரை.

2

மட்டக்களப்பு வாவி கடலுக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நிலப் பரப்புப் படுவான்கரை எனவும் வழங்கும். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்னும் இப்பெயர்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. இவை வாவியினை நடுவாகக் கொண்டு, அதன் இருமருங்கையும் ஒரே வாழ்க்கையின் இரு பகுதிகளாகக் கருதிய மக்கள் இட்ட பெயர்களாகும்.

எழுவான்கரையில், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை என ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தமிழர் வாழும் ஊரும் முஸ்லிம்கள் வாழும் ஊரும் மாறிமாறி வருதல் இக்கரையின் இயல்பு. மணல்நிலத்திலே குடியிருப்பும், மீன்பிடியும், நெசவும், கடைத்தெருவும். வாவிக்கு அப்பால் நெல்விளையும் வட்டைகளும் மேய்ச்சல் நிலமும். குடியிருப்பின் பெரும்பகுதி ஒரு கரையிலும் விளைநிலத்தின் பெரும்பகுதி மறுகரையிலும் அமைந்தமையே இப்பிரதேசத்தின் பொருளாதாரத்திற்கு அடிப்படையாயிற்று. எழுவான்கரையில் வாழ்ந்த போடியார் பலரின் வயல் படுவான்கரையில் இருந்தது. அதனை மேற்பார்த்த முல்லைக்காரரும், விதைப்புக்கும் அறுவடைக்கும் சென்ற கூலியாட்களும், நெல்லை வாங்கி மீனையும் துணியையும் விற்ற வணிகரும் நாள்தோறும் வாவியைக் கடந்தனர்.

கடந்த இடங்களே துறைகளாயின. மண்முனைத்துறை, அம்பிளாந்துறை, துறைநீலாவணை என்னும் பெயர்கள் இதற்குச் சான்று. இத்துறைகளில் ஆட்களையும் வண்டில்களையும், பிற்காலத்தில் மோட்டார் வாகனங்களையும் ஏற்றிக் கரைசேர்க்கும் அகன்ற மிதவையினை இப்பிரதேச மக்கள் ‘பாதை’ என்றே அழைப்பர். பிறவிடத்துத் தமிழர் தரைவழியைக் குறிக்க வழங்கும் சொல், இங்கே நீரைக் கடக்கும் கலத்தினைக் குறிக்கின்றது. ‘பாதை வந்துவிட்டதா?’ என்று ஒருவர் கேட்பின், அது வெளியூரானுக்கு விளங்காத கேள்வியாகும். வழி என்பது கிடக்கும் பொருளன்று, வந்து ஏற்றிச்செல்லும் பொருள் என்னும் வாழ்வனுபவம் இச்சொற்பொருள் மாற்றத்திற் பதிந்துள்ளது.

இதனால் நாம் பெறும் முடிவு ஒன்றுண்டு. இப்பிரதேசத்தில் இருவகை வழிகள் உள்ளன. ஒன்று, கடலோரமாக வடக்குத் தெற்காகச் செல்லும் நெடுவழி. மற்றது, வாவியைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் குறுக்குவழி. உல்லாசப் பயணியின் வழி முன்னையது. உற்பத்தியில் ஈடுபட்ட மக்களின் வழி பெரிதும் பின்னையது. இவ்விரண்டிற்கும் இடையிலான உறவின் மாற்றங்களே இவ்வீதியின் வரலாறு எனலாம்.

3

ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட காலத்திலும், அவர்தம் ஆட்சியின் தொடக்கத்திலும், குறுக்குவழியே முதன்மை பெற்றிருந்தது. கண்டி இராச்சியத்திற்குக் கிழக்குக் கரையின் மட்டக்களப்பும் கொட்டியாரமும் கடல்வாயில்களாக விளங்கின. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கியே கண்டிக்குச் சென்றான். போர்த்துக்கேயர் 1628இற் புளியந்தீவிலே கோட்டை எழுப்பியமை இக்கடல்வாயிலை அடைக்கும் பொருட்டேயாகும். 1638இல் ஒல்லாந்தர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அக்கோட்டையைக் கைப்பற்றினர். இப்போட்டிகள் யாவும் கடலிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் வழியின் பொருட்டு நிகழ்ந்தவை. முஸ்லிம் வணிகர் பொதிமாடுகளிற் பண்டமேற்றித் தவளமாகக் கண்டிப் பகுதிகளுக்குச் சென்றமையும் அவ்வழியேயாகும்.

ஆயின், நெடுவழியிற் செல்வோர் அக்காலத்தில் இருந்திலர் எனக் கருதுதல் தவறாகும். கதிர்காமத்திற்குச் செல்லும் பாதயாத்திரிகர் வடக்கிலிருந்து கிழக்குக் கரையோரமாக வெருகல், மாமாங்கம், திருக்கோவில், உகந்தை முதலிய தலங்களிற் தங்கித் தங்கி நடந்தனர். போர்க்காலத்திலே தடைப்பட்டும் மீண்டும் தொடர்ந்தும் வரும் இவ்வழக்கம் இக்கரையின் மிகப் பழைய நெடும்பயணமாகலாம். யாத்திரிகனும் கடலையும் வாவியையும் கண்டவனே. ஆயினும், அவன் ஊர்தோறும் சோறும் தண்ணீரும் பெற்று நடந்தவன். கண்ட நிலத்து மக்களின் கையை எதிர்பார்த்து நின்றவன். நிலத்தை மக்களினின்றும் பிரித்துக் காணும் வாய்ப்பு அவனுக்கு இருந்ததில்லை.

இவ்விடத்துப் பழந்தமிழ் இலக்கிய மரபொன்றினை நினைவுகூர்தல் தகும். பயணத்தைப் பாடுபொருளாகக் கொண்ட ஆற்றுப்படை நூல்கள் வழிநெடுகக் காணும் நிலவனப்பினை விரித்துரைப்பன. சிறுபாணாற்றுப்படையிலே நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணன், எயிற்பட்டினத்து நெய்தல் நிலத்தையும், வேலூரைச் சார்ந்த முல்லை நிலத்தையும், ஆமூரைச் சார்ந்த மருத நிலத்தையும் கடந்து செல்கின்றான். ஒவ்வொரு நிலமும் அங்கு வாழ்வோரின் தொழிலாலும், அவர்கள் அளிக்கும் உணவாலும் அடையாளங் காணப்படுகின்றது. நெய்தலிற் சுட்ட மீனும், மருதத்திற் சோறும் நண்டுக் கறியும் கிடைக்கின்றன. வழியைக் கூறுபவனும் முன்னர் வறியவனாயிருந்தவன், கேட்பவனும் வறியவன் என்பது கருதத்தக்கது. திணைக் கோட்பாட்டின் கருப்பொருளிலே தொழிலும் உணவும் அடங்குவதும் தற்செயலானதன்று. நிலமும் உழைப்பும் பிரிக்கப்படாதிருந்த ஒரு காலகட்டத்தின் அழகியல் அது. மட்டக்களப்பிலோ நெய்தலும் மருதமும் ஒரு வாவியின் இருகரைகளாக அமைந்தன. உப்பும் மீனும் கொடுத்து நெல் பெறும் பழம்பரிவர்த்தனை இங்கு ஒரு துறையைக் கடக்கும் நேரத்தில் நிகழ்ந்தது.

4

பிரித்தானியர் ஆட்சியில் இந்நிலை மாறிற்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம், உறுதியற்ற நிலங்களை அரசின் உடைமையாகக் கருதிப் பெருந்தோட்ட முதலாளிகளுக்கு விற்க வழிசெய்தது. மலைநாட்டிற் கோப்பிக்கும், கரையோர மணல்நிலங்களிற் தென்னைக்கும் காணி கிடைத்தது. இன்று கார்க் கண்ணாடியினூடாக இயற்கையின் கொடையாகத் தோன்றும் தென்னை நிரைகளிற் பல, அத்தகைய நிலவுடைமை மாற்றத்தின் வழிவந்த தோட்டங்களாகும்.

பண்டங்களைத் துறைமுகத்திற்குக் கொண்டுசேர்க்க வீதிகள் தேவைப்பட்டன. அவ்வீதிகளை அமைக்கக் கூலி கொடுக்க அரசு விரும்பவில்லை. தேசாதிபதி ரொறிங்டன் காலத்து 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையிலான ஆண்மக்கள் யாவரும் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதிவேலை செய்தல் வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணஞ் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. பணமுள்ளவன் பணத்தாலும், இல்லாதவன் உடலாலும் வரி செலுத்தினான். மன்னராட்சியின் இராசகாரிய முறையினை 1833இல் ஒழித்த அதே அரசு, பதினைந்து ஆண்டுகளின் பின்னர் வேறொரு பெயரில் அதனை மீட்டெடுத்தது எனலாம். இச்சட்டமும் அவ்வாண்டின் ஏனைய வரிகளும் மாத்தளை, குருநாகல் பகுதிகளிற் கிளர்ச்சியைத் தோற்றுவித்தன. புரன் அப்பு ஓகஸ்ட் மாதத்திற் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான்.

அதே 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், குடியேற்ற அரசின் செயலாளராகிய சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் மட்டக்களப்புக்கு வந்திருந்தார். வாவியில் நிலாக்கால இரவிலே கேட்கும் இசையொலியைப் பற்றிக் கேள்வியுற்று, மீனவருடன் தோணியிற் சென்று அதனைச் செவிமடுத்தார். சிப்பி, சங்கு முதலிய மெல்லுடலிகளிலிருந்து அவ்வொலி எழக்கூடும் எனக் கருதினார். 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தமது நூலில் அவ்வனுபவத்தை விரிவாக எழுதினார். மட்டக்களப்பின் ‘பாடும் மீன்’ உலகப் புகழ் பெற்றமைக்கு இவ்வெழுத்து ஒரு முக்கிய காரணமாகும். வீதிச் சட்டத்தை இயற்றிய அரசின் முதன்மை அதிகாரியும், வாவியின் இசையை உலகுக்கு அறிவித்த இரசிகரும் ஒருவரே என்பதும், இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை என்பதும் மனங்கொள்ளத்தக்கன. அவரின் இரசனை போலியானது என்று கூறுவது நமது கருத்தன்று. அவரது நூல் கூர்ந்த அவதானிப்புக்களைக் கொண்டதே. ஆயின், தோணியைத் தள்ளிய மீனவன் அந்நூலில் ஒலியின் இருப்பிடத்தைக் காட்டுபவனாக மட்டுமே தோன்றுகின்றான். ஆறு நாள் வேலைக்குக் கட்டுப்பட்டவனாக அவன் அந்த இரவிற் தோன்றுவதில்லை. காட்சியும் உழைப்பும் பிரியும் கணத்தினை இங்கு நாம் காண்கின்றோம்.

இதனோடு சுவாமி விபுலானந்தரின் அணுகுமுறையை ஒப்புநோக்கலாம். இக்கரையோரத்துக் காரைதீவிலே 1892இற் பிறந்து, கல்லடியிலே 1929இற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி, அவ்வளாகத்திலேயே அடக்கமான அடிகளார், 1947இல் அரங்கேறிய யாழ் நூலில் வாவியின் இசையை நீரரமகளிரின் பாடலாகக் கற்பித்து, அதனைத் தமிழிசை ஆராய்ச்சிக்குத் தோற்றுவாயாக்கினார். ரெனன்றுக்கு அவ்வொலி வியப்புக்குரிய விந்தை. அடிகளாருக்கு அது தம் மண்ணின் குரல், அறிவு முயற்சிக்கு விடுத்த அழைப்பு. இருவரும் ஒரே ஒலியைக் கேட்டனராயினும் நின்ற இடங்கள் வேறு. எனினும், அடிகளாரின் பின்வந்த நம்மவர் பலர் அவரது ஆராய்ச்சியைக் கைவிட்டு, வியப்பினை மட்டும் கைக்கொண்டனர். ‘தேனாடு’ என்னும் புகழ்ச்சி பெருகிய அளவிற்கு, அத்தேனை எடுத்தவர் யாவர் என்னும் வினா பெருகவில்லை.

5

1870இல் கிழக்கு மாகாணத்தின் தலைமைக் கச்சேரி திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு மாற்றப்பட்டது. வரி, நெல், நீதி, அஞ்சல் ஆகியவற்றை ஒரு மையத்திலிருந்து நிருவகிப்பதற்குக் கரையோர நெடுவழி இன்றியமையாததாயிற்று. 1920களின் பத்தாண்டு இவ்வகையில் ஒரு திருப்பமாகும். 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. அதற்கு முன்னரே, 1924இல், கல்லடியில் வாவியின் குறுக்கே இரும்புப் பாலம் எழுந்தது. தேசாதிபதி மானிங்கின் மனைவியார் பெயரால் அது லேடி மானிங் பாலம் எனப்பட்டது. நகருக்குள் நுழைவதற்குப் பாதையை எதிர்பார்த்திருந்த தென்பகுதி மக்களுக்கு அப்பாலம் பெரும் நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், அது நெடுவழிக்குக் கிடைத்த பாலம். படுவான்கரைத் துறைகள் பலவற்றுக்குப் பாலம் கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் கழியவேண்டியிருந்தது.

மோட்டார்க் காரின் வருகையும் இதே காலப்பகுதிக்குரியது. இலங்கையின் மோட்டார் வாகன உரிமையாளர் சங்கம் 1904இலேயே தோன்றிவிட்டது. பிரான்சிலே 1900இல் மிஷ்லன் என்னும் ரயர் உற்பத்தி நிறுவனம் காரோட்டிகளுக்கு வழிகாட்டி நூல் வெளியிட்டமையும், அதன் நோக்கம் பயணத்தைப் பெருக்கி ரயர் தேய்வைப் பெருக்குதலே என்பதும் யாவரும் அறிந்தவை. ரயருக்கு வேண்டிய இறப்பர், இலங்கையிலும் மலாயாவிலும் பெருந்தோட்டங்களில் உற்பத்தியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர்ச் செய்கை பெருகியமைக்கு மோட்டார் வாகனமே காரணம். அத்தோட்டங்களில் உழைத்தோரிற் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். உல்லாசப் பயணத்தின் சக்கரம் உழைப்பின்மீதே உருள்கிறது என்பது இங்கு உவமையன்று, உண்மை.

உலகப் புகழ்பெற்ற கரையோர வீதிகளின் வரலாறும் இதுவே. அவுஸ்திரேலியாவின் பெருங்கடல் வீதி, முதலாம் உலகப் போரிலிருந்து மீண்ட படைவீரரின் உழைப்பால் 1919 முதல் 1932 வரை அமைக்கப்பட்டது. போரில் மாண்ட தோழருக்கு நினைவுச் சின்னமாக அவர்கள் அதனைக் கருதினர். கலிபோர்ணியாவின் பிக் சூர் கரையோர வீதி 1937இல் திறக்கப்பட்டது. அதன் அமைப்பிற் சிறைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். இன்று அவ்வீதிகளிற் செல்வோர் பாறையையும் அலையையும் காண்கின்றனர். பாறையைப் பிளந்த கைகள் கண்ணுக்குப் புலனாவதில்லை. பண்டத்தில் உழைப்பு மறைந்துபோவதனை மார்க்ஸ் விளக்கினார். வீதியோரக் காட்சியிலும் நிகழ்வது அதுவேயாகும்.

மோட்டார்க் கார் மற்றொரு மாற்றத்தினையும் விளைவித்தது. வண்டிலிற் சென்றவன் இரவு தங்கினான். பஸ்ஸிற் செல்பவன் பக்கத்திலிருப்பவனுடன் பேசுகின்றான். காரிற் செல்பவனோ தான் விரும்பியவிடத்து நிறுத்தி, விரும்பாதவிடத்தைக் கடந்து செல்லும் உரிமை பெற்றவன். அவன் கடற்கரையில் நிறுத்துகிறான். கரைவலை இழுப்போரைப் படம் எடுக்கிறான். வலையின் உடைமை யாருக்கு, பங்கு எவ்வாறு பிரிகின்றது என்று கேட்பதற்கு நேரமிருப்பதில்லை. மருதமுனையின் தறியோசை கார்க் கண்ணாடி மூடியிருப்பதனாற் கேட்பதில்லை. இதனைத் தனிமனிதரின் குறையாக நாம் கூறவில்லை. இவ்வீதியிற் காரிற் சென்ற நாமும் இதற்கு விலக்கல்லேம். பயணத்தின் வடிவமே நோக்கின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றது என்பதே நாம் கூறவிழைவது.

6

காட்சியாகத் தோன்றும் இந்நிலத்தின் அண்மைக்கால வரலாறு துயர் நிறைந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. பல நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தென்னைகள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்து வீதியை மூடின. இன்று நிற்கும் தென்னைகளிற் பல அதன்பின் நடப்பட்டவை. ‘தொன்றுதொட்ட’ சோலை எனப் பயணி கருதுவது, ஒரு தலைமுறை மக்கள் மீண்டும் நட்டு வளர்த்ததாகும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி முதல் பொத்துவில் வரை கரையை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்திற் சாய்ந்து நின்ற கோபுரத்தைப் பயணிகள் படமெடுத்துச் சென்றனர். எழுவான்கரையிலே வாழிடம் மணற்பரப்பாக ஒடுங்கியிருந்தமையே இழப்பின் பெருக்கத்திற்குக் காரணம். ஒடுங்கிய அப்பரப்பே பயணிக்கு இருபுறமும் நீர் காட்டும் வனப்பாகின்றது.

போரின் வடுக்களோ இவ்வீதியின் ஒவ்வொரு கட்டையிலும் உள்ளன. 1990ஆம் ஆண்டு யூலை மாதத்திற் குருக்கள்மடத்தருகே இவ்வீதியாற் பயணஞ் செய்த முஸ்லிம்கள் கடத்திக் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இவை தமிழ் ஆயுதபாணிகளின் செயல்கள். அடுத்த மாதம் 9ஆம் நாள் நகரின் வடக்கேயுள்ள சத்துருக்கொண்டானில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்க் குடிமக்கள் படையினராற் கொல்லப்பட்டனர். படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பகுதி 1987இலும் 1991இலும் இத்தகைய கொலைகளைக் கண்டது. ஒரே துறையிற் பாதைக்குக் காத்துநின்ற தமிழ் விவசாயியும் முஸ்லிம் வணிகனும், ஒரே நெல்லையும் ஒரே மீனையும் நம்பி வாழ்ந்தவர்கள், ஒருவரையொருவர் அஞ்சும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். உழைக்கும் மக்களின் பொருளியல் ஒற்றுமை தானாகவே அரசியல் ஒற்றுமையாகிவிடும் என எண்ணிய நம் போன்றோருக்கும் இவ்வாண்டு கசப்பான பாடமாகும். இனத்துவ அரசியலின் வலிமையைக் குறைத்து மதிப்பிட்டமை இடதுசாரிகளின் பெருந்தவறு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அதன் பின்னர் 2007 வரையில் எழுவான்கரை பெரிதும் அரசபடையின் கையிலும், படுவான்கரை பெரிதும் விடுதலைப் புலிகளின் கையிலும் இருந்தன. இணைத்த வாவி எல்லையாயிற்று. துறைகள் சோதனைச் சாவடிகளாயின. வயலுக்குச் செல்லுதல், வைத்தியசாலைக்குச் செல்லுதல், பள்ளிக்குச் செல்லுதல் ஆகிய யாவும் ஓர் எல்லையைக் கடத்தலாயின. குறுக்குவழியின் வரலாற்றில் இதனினும் இருண்ட காலம் இல்லை.

7

போரின் பின்னர் வீதிகள் அகன்றன. 2009இற் கிண்ணியாவில், 396 மீற்றர் நீளமான பாலம் சவூதி அரேபியாவின் கடனுதவியுடன் திறக்கப்பட்டது. 2013இற் கல்லடியிற் புதிய பாலம் யப்பானிய உதவியுடன் திறக்கப்பட்டது. 2014இல் மண்முனையிலே, பாதை ஓடிய துறையிற் பாலம் எழுந்தது. இவற்றுள் மண்முனைப் பாலத்தையே நாம் தனித்து மதிக்கின்றோம். ஏனெனில் அது குறுக்குவழிக்குக் கிடைத்தது. கொக்கட்டிச்சோலை மக்களை நகரத்தோடு சேர்த்தது. கருவுற்ற பெண்ணுக்கும் காய்ச்சலுற்ற குழந்தைக்கும் அதன் பயன் எத்தகையது என்பதனைப் பயணக் கையேடுகள் கூறமாட்டா. அப்பாலம் திறக்கப்பட்ட பின்னரும் குருக்கள்மடம் – அம்பிளாந்துறை, குருமண்வெளி – மண்டூர் ஆகிய துறைகளிற் பாதையே தொடர்ந்து ஓடியது. ஆசிரியர், மாணவர், விவசாயிகள் காற்றையும் இயந்திரத்தையும் நம்பிக் காத்துநின்றனர்.

இக்காத்திருப்பு வெறும் வசதிக் குறைவன்று. 2021 நவம்பர் 23ஆம் நாள், கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடிவுறாத நிலையில் மாற்றுவழியாக ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர். நாட்டின் மிக நீளமான பாலங்களுள் ஒன்று நெடுவழியில் நிற்கும் அதே பிரதேசத்திலே, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் குறுக்குவழி உயிர்குடிக்கும் வழியாக இருந்தது. நமது கட்டுரையின் வாதம் முழுவதையும் இவ்வொரு நிகழ்ச்சி உரைக்கின்றது.

மறுபுறம், பாசிக்குடாக் கடற்கரை உல்லாசப் பயண வலயமாக வரையறுக்கப்பட்டு, விடுதிகள் நிரையாக எழுந்தன. வேலைவாய்ப்பு ஓரளவு கிடைத்ததாயினும், தோணி வைக்கவும் வலை உலர்த்தவும் கரை யாருக்குரியது என்னும் வினா மீனவர் மத்தியில் எழுந்தது. காட்சி விலைப்பண்டமாகும்போது, காட்சியில் உழைப்போர் முதலிற் படமாகின்றனர், பின்னர் இடையூறாகின்றனர்.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். மட்டக்களப்புக் கரையோர வீதியின் வனப்பு இயற்கையால் மட்டும் அமைந்ததன்று. ஒல்லாந்தன் கைப்பற்றிய கோட்டையும், 1840இன் காணிச் சட்டமும், 1848இன் ஆறு நாள் வேலையும், 1924இன் பாலமும், 1978இன் பின் நட்ட தென்னையும், 1990இன் குருதியும், 2004இன் கண்ணீரும் சேர்ந்தமைத்தது அது. நெடுவழியிற் செல்வோன் இவற்றைக் காணாமைக்குக் காரணம் அவன் கண்ணின் குறை மட்டுமன்று. குறுக்குவழி அவனது பயணத் திட்டத்தில் இடம்பெறாமையேயாகும்.

அழகினை மறுத்து உழைப்பினைப் போற்றுதல் மார்க்சியம் எனச் சிலர் கருதுவதுண்டு. அது தவறான விளக்கம். துறையிற் காத்துநிற்கும் கூலிப்பெண்ணுக்கும் மாலை வாவி அழகானதே. இப்பிரதேசத்து நாட்டார் பாடல்கள் அதற்குச் சான்று. அழகினை நுகர்வதற்கான ஓய்வே அவளுக்கு மறுக்கப்பட்டது. ஆகவே, அழகுணர்வை ஒரு வகுப்பாரின் தனியுடைமையாகாது காத்தல் இலக்கிய மாணவராகிய நமது கடமையாகும். தமிழ்ச் சங்கங்களும் பல்கலைக்கழக மாணவரும் இவ்வீதியாற் செல்லும்போது, ஒரு துறையிலேனும் இறங்கி, ஒருமுறையேனும் மறுகரைக்குச் சென்று வருதல் வேண்டும். துறைப்பெயர்கள், பாதையோட்டிகளின் நினைவுகள், தவளம் சென்ற குடும்பங்களின் வாய்மொழிகள் ஆகியவை தொகுக்கப்படுதல் வேண்டும். பாலங்கள் எழுந்தபின் அவற்றைச் சொல்வதற்கு ஆளிருக்கமாட்டார்கள்.

பாதை என்னும் சொல் இன்னும் சிறிது காலத்தில் இங்கும் தரைவழியை மட்டுமே குறிக்கக்கூடும். அதனை நாம் வருத்தத்தோடு நோக்கவேண்டியதில்லை. எல்லாத் துறைகளுக்கும் பாலம் கிடைத்தலே நாம் வேண்டுவது. ஆயின், அச்சொல் ஒருகாலத்தில் எதனைக் குறித்தது என்பதை அறியாத தலைமுறை, இருகரைகளும் ஒரே வாழ்க்கையாக இருந்தமையையும் அறியாதுபோகும். அது நிகழாது காத்தல் வரலாற்று மாணவரின் பணியாகும்.